மலைப் பாதைக்குப் பந்தய டயரா?

வேகக் கார் வாங்கிய நம் இளைஞர்கள் சிலர் அதற்குப் பந்தய டயர் மாட்டத் துடிக்கிறார்கள். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில், காய்ந்த தாரில், அது சரி. போடிமெட்டு மழையில்? காடியில்லாத டயருக்கடியில் தண்ணீர் விலக வழியேது? வண்டி வழுக்கும்.

மெது ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். சில டயர்களின் பக்கவாட்டில் 'டிரெட்வேர்' எண் உண்டு. 200 பிடிப்புக்கு, 400 உழைப்புக்கு எனப் பொதுவாகக் கொள்ளலாம். 2324 என்றிருந்தால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. கடையில் வெகுநாள் கிடந்த ரப்பர், பளபளத்தாலும் இறுகியிருக்கும்.

காருக்குச் சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர் பட்டன். மழைக்கால மலையிறக்கத்துக்கு அது போதாது என்பேன்.

பஸ்ஸில் போகும் குமாஸ்தாவுக்கு இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? வளைவில் அந்தக் காருக்கு எதிரே வருவது நம் பஸ்தானே!