பனிச் சாலையும் பிடதி வண்டியும்

பெங்களூரில் பனிக்கட்டி மழையோடு ஆலங்கட்டியாக விழுந்தால்தான் உண்டு. மார்கழி விடியலில் அல்சூர் ஏரியின்மேல் மூடுபனி படர்ந்து, கம்பளிக் குல்லாயோடு நடைபயில்பவர்களைச் சற்றே நடுங்கச் செய்வதோடு இந்நகரத்தின் குளிர் தீர்ந்துவிடுகிறது. ஆயினும், நம் தேசத்தில் பனிமலைப் பாதைகளில் வாகனம் செலுத்துவதைப் பற்றிப் பேசப் புகும் எவரும் இந்த ஊரை விட்டுவிட்டுப் பேச இயலாது என்பது என் அபிப்பிராயம். மைசூர்ச் சாலையில் பிடதியில் அமைந்துள்ள டொயோட்டா கிர்லோஸ்கர் தொழிற்சாலையிலிருந்து 2022 முதல் வெளிவரும் ஹைலக்ஸ் என்னும் பிக்கப் வண்டியை, ராணுவத்தின் வடக்குப் படைத்தலைமை 13,000 அடி உயரத்திலும் உறைநிலைக்குக் கீழ்ப்பட்ட குளிரிலும் பரீட்சித்துப் பார்த்து, 2023-இல் தன் உபயோகத்துக்கு ஏற்றுக்கொண்டது. அதே வண்டியை வாங்கியவர்களில் சிலர், குளிர்கால விடுமுறை வந்ததும், கர்நாடகப் பதிவெண்ணோடு லாஹூலுக்கும் காஷ்மீரத்துக்கும் லடாக்குக்கும் புறப்பட்டுவிடுகிறார்கள்.

இந்த ஊருக்கும் பனிப்பாதைக்கும் உள்ள சம்பந்தம் பிடதியோடு தொடங்கவில்லை. 1780-இல் சென்னையில் தோன்றி, 1834 முதல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு, அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் விளங்கும் மதராஸ் ஸாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையைத் தமிழர்கள் அறிவார்கள். அப்படையின் வீரரை ராணுவம் முழுவதும் ‘தம்பி’ என்றே அழைக்கும். 1948-இல், காஷ்மீர்ப் போரின்போது, சோஜி லா கணவாயைப் பகைவர் பிடித்துக்கொண்டு, லே நகருக்குச் செல்லும் தரைவழியை அடைத்துவிட்டபோது, மடிகேரியில் பிறந்தவரும் பிற்காலத்தில் தரைப்படையின் தலைமைத் தளபதியாக உயர்ந்தவருமான திம்மய்யா, டாங்கிகளை அக்கணவாயின்மேல் ஏற்றுவது என்று தீர்மானித்தார். சுமார் 11,500 அடி உயரம்; அதுவரையில் அவ்வளவு உயரத்தில் டாங்கி சென்று போரிட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பால்டாலிலிருந்து கணவாய்க்கு ஏறிய பாதையோ கோவேறு கழுதைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதற்கு மட்டுமே போதுமானது. அதை ஜீப்பும் டாங்கியும் செல்லும்படி அகலப்படுத்திக் கொடுத்தவர்கள், மேஜர் தங்கராஜுவின் தலைமையில் உழைத்த மதராஸ் ஸாப்பர்ஸ் வீரர்கள். பாறையை வெடிவைத்துப் பிளந்தும், சரிவைச் செதுக்கியும் அவர்கள் அமைத்த அந்தப் பாதையின் வழியாக, 7-ஆம் லைட் கேவல்ரியின் ஸ்டுவர்ட் டாங்கிகள், பாலங்களின் பலவீனத்தையும் ஒற்றர்களின் கண்ணையும் உத்தேசித்து மேற்கோபுரங்கள் கழற்றப்பட்டவையாக இரகசியமாய் அடிவாரம் வந்து சேர்ந்து, மறுபடியும் பூட்டப்பட்டு, நவம்பர் 1-ஆம் தேதி பனி பொழிந்துகொண்டிருந்த வேளையிலேயே கணவாயைக் கடந்து போயின. அந்த மாதம் முடிவதற்குள் கார்கிலும் மீட்கப்பட்டது.

அன்று டாங்கி ஏறிய மலையில் இன்று ஏறும் பிக்கப் வண்டிக்கு இரும்புப் பட்டை கிடையாது. உள்ளங்கை அகலத்தில் தரையைத் தொடும் நான்கு ரப்பர் துண்டுகளே அதன் ஆதாரம். அந்த நான்கு துண்டுகளும் பனியின்மேல் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அறிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் சக்தியைப் பகிர்ந்தளிக்கும் வண்டி, பின்சக்கரம் இரண்டை மட்டும் சுழற்றும் வண்டியைக் காட்டிலும் பனியில் எளிதாகப் புறப்படும், எளிதாக ஏறும், இது வாஸ்தவம். ஆனால் நிறுத்தும் விஷயத்தில் அதற்கு எள்ளளவும் விசேஷ அனுகூலம் இல்லை. ஏனெனில், சாதாரணக் கார் உட்பட எல்லா வண்டிகளுக்கும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு வண்டியில் பிரேக்கை மிதித்தால், காய்ந்த தார்ச்சாலையில் அது ஏறக்குறைய 9 மீட்டரில் நின்றுவிடும். வண்டிகள் ஏறியிறங்கி இறுகிப்போன பனியில் 30 மீட்டருக்கு மேலும், வழவழப்பான பனிக்கட்டியில் 60 மீட்டருக்கு மேலும் ஓடியே நிற்கும். வண்டியை வாங்கியவருக்கு அதன் ஏறும் திறமை முதல் நாளே புலப்பட்டுவிடுகிறது. நிற்கும் திறமை அதற்கு ஈடாக இல்லை என்பதோ, எதிரே ஒரு ராணுவ லாரி வரும்போதுதான் புலப்படுகிறது. பனியில் சறுக்கி ஓடைக்குள் கிடக்கும் வண்டிகளில் நான்கு சக்கர இயக்க வண்டிகளும் காணப்படுவதற்கு இந்த வேற்றுமையே முதற்காரணம் என்று நான் நம்புகிறேன்.

பிக்கப் வண்டிக்கென்று சொந்தமான குறை ஒன்றும் உண்டு. சுமை ஏற்றுவதற்காகப் பிறந்த வண்டி அது. பின்னால் பட்டைவில்கள் தாங்க, திறந்த தொட்டியோடு இருக்கும் அதன் பாரத்தில் பெரும்பங்கு எஞ்சின் இருக்கும் முன்பக்கத்திலேயே குவிந்துவிடுகிறது. தொட்டி வெறுமையாக இருக்குமானால் பின்சக்கரங்கள் தரையைப் போதிய அளவு அழுத்துவதில்லை. வளைவில் சற்றே அதிகமாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் வால்பக்கம் தனியே நழுவத் தொடங்கும். ஆகையால் பனிதேசத்து மக்கள் தொட்டியில், பின் அச்சுக்கு நேர்மேலே அல்லது சற்று முன்னே, மணல் மூட்டைகளை வைத்து அசையாதபடி கட்டிவிடுகிறார்கள். கட்டாமல் விட்டால், வண்டி சடுதியில் நிற்கும்போது அம்மூட்டைகளே முன்னோக்கிப் பாய்ந்து கேடு விளைவிக்கும். அந்த மணலுக்கு இரண்டாவது பிரயோஜனமும் உண்டு: சக்கரம் ஓரிடத்தில் சுழன்று நின்றால் அதன் முன்னே தூவுவதற்கு ஆகும்.

இனி, டாஷ்போர்டிலுள்ள திருகியைப் பற்றி. ஹைலக்ஸ், இஸுஸு வி-கிராஸ் போன்ற வண்டிகளில் ஹெச் 2, ஹெச் 4, எல் 4 என்று மூன்று நிலைகள் இருக்கும். ஹெச் 4-இல் வைத்ததும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, இரண்டும் ஒரே அளவு சுழலுமாறு கட்டாயப்படுத்தப்படுகின்றன. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் ஓடவேண்டியிருப்பதால், இந்தக் கட்டாயம் இயற்கைக்கு மாறானது. பனியின்மேல் ஏதாவது ஒரு சக்கரம் சிறிது வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க முடியாமையால், முறுக்கு முழுவதும் பல்சக்கரங்களிலும் தண்டுகளிலும் ஏறி, ஸ்டியரிங் கனத்து, வண்டி விந்திவிந்தித் திரும்பும். அதை அலட்சியம் செய்கிறவர் வெகு சீக்கிரத்தில் மெக்கானிக்கைத் தேடவேண்டி வரும். வெயில் பட்ட இடத்தில் காய்ந்த தார், மலைநிழலில் உறைபனி என்று மாறிமாறி வரும் இமயச் சாலைகளில், முன்னே பார்த்து அத்திருகியைத் திருப்பிக்கொண்டே போகும் பொறுமை வேண்டும். எல் 4 என்பது நிறுத்தி, நியூட்ரலில் வைத்தபின் மாற்றவேண்டிய நிலை. செங்குத்தான இறக்கத்துக்கும், ஆழ்ந்த பனியில் ஊர்வதற்கும் உரியது. பின்சக்கரம் இரண்டையும் ஒன்றாகப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக் என்னும் சாதனம் புதைந்த வண்டியை மீட்க உதவும். ஆனால் பக்கவாட்டில் சாய்ந்த பனிக்கட்டிமேல் அதைப் பூட்டினால், இரண்டு சக்கரங்களும் சேர்ந்தே பிடியிழந்து, வண்டி பள்ளத்தின் பக்கமாக நழுவக் கூடும்.

டயரின் விஷயத்தில் நம்மவர் செய்யும் சிக்கனம் எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது. நம் ஊர் வெப்பத்துக்காகச் செய்யப்பட்ட ரப்பர், வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்கக் கெட்டிப்பட்டுத் தன் பிடிப்பை இழக்கிறது. குளிர்காலத்துக்கென்றே செய்யப்படும் டயர்களின் ரப்பர் குளிரிலும் மிருதுவாக இருக்கும். அவற்றின் முகத்தில் மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருந்து பனியைக் கவ்வும். அவை கிட்டாதவர், மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்த முத்திரை பொறித்த டயரையாவது தேடி வாங்கலாம். காற்றழுத்தத்தையும் அந்தந்த ஊரின் காலைக் குளிரில், வண்டி ஓடுமுன்னே பார்ப்பது அவசியம்; ஏனெனில் ஒவ்வொரு ஐந்தாறு டிகிரி குளிருக்கும் ஏறக்குறைய ஒரு பவுண்டு அழுத்தம் குறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலான உபாயம் சங்கிலி. டங்மார்கிலிருந்து குல்மார்குக்கு ஏறும் டாக்ஸிக்காரர்கள் பனிநாட்களில் சங்கிலி பூட்டாமல் கிளம்புவதில்லை. அதைப் பூட்டும் வித்தையை வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ள வேண்டும். விரல் மரத்துப்போன இரவில், சேற்றுப்பனியில் முழங்காலிட்டு, முதன்முதலாகக் கொக்கியைத் தேடுகிறவனின் கஷ்டம் சொல்லத் தரமன்று. பின்சக்கரங்களில் மட்டும் பூட்டியவர், இறக்கத்தில் தம் முன்சக்கரங்கள் இன்னும் வழுக்கும் நிலையிலேயே இருக்கின்றன என்பதை நினைவில் வைக்கவேண்டும். நான்கிலும் பூட்டுவதே உத்தமம்.

பனியைக் காட்டிலும் அபாயகரமானது கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. டிரைவர்கள் ‘பிளாக் ஐஸ்’ என்று அஞ்சும் அந்த மெல்லிய படலம், தாரின் கருமை தெரியும்படி தெளிவாக இருப்பதால், ஈரச் சாலை என்றே தோன்றும். லடாக்கில் நண்பகல் வெயிலில் உருகிச் சாலையின் குறுக்கே வழிந்த ஓடைநீர், சூரியன் மலைக்குப்பின் இறங்கியதும் உறைந்துவிடுகிறது. பாலங்கள் கீழும் மேலும் காற்றுப்பட்டுத் தரைக்கு முன்னரே குளிர்கின்றன. முன்சென்ற வண்டியின் டயரிலிருந்து நீர்த்திவலை தெறிக்கவில்லையானால், ஈரம்போல் தோன்றுவது ஈரமன்று. உறைநிலையை ஒட்டிய குளிரில், மேலே நீர்ப்படலம் சேர்ந்து, பனிக்கட்டி மிக மோசமாக வழுக்கும். கடுங்குளிரில் அதைவிடச் சற்றுப் பிடிக்கும். ஆகவே மாலையும் விடியலும் பிரயாணத்துக்கு உகந்தவையல்ல.

இறக்கத்தில் வேகத்தைக் கியரால் அடக்கி, பிரேக்கை இலேசாகத் தொடுவதே முறை. வால் வலப்பக்கம் நழுவினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கையும் வலப்பக்கமே மெதுவாகத் திருப்ப வேண்டும். முன்சக்கரங்கள் திரும்பியும் வண்டி நேரே போனால், மேலும் ஒடிக்காமல் சற்று நேராக்கி, பிடி கிட்டும்வரை காத்திருக்க வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் பெடல் காலடியில் படபடவென்று துடிப்பது கோளாறு அன்று. துடிக்கும்போது காலை எடுத்துவிடுவதுதான் தவறு.

குளிர், வண்டியின் உள்ளுறுப்புகளையும் சும்மா விடுவதில்லை. மார்கழியில் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் உறைவது போல, சாதாரண டீசலில் உள்ள மெழுகும் கடுங்குளிரில் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். இதற்காக இந்தியன் ஆயில் நிறுவனம் பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து, 2019 நவம்பரில் லடாக்கில் விநியோகிக்கத் தொடங்கிய குளிர்கால டீசல், −33 டிகிரி வரை உறையாமல் ஓடுமென்று அறிவிக்கப்பட்டது. பெங்களூரில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டினாலும் காலம் தள்ளலாம். லடாக்கின் திராஸில் அத்தண்ணீர் உறைந்து விரிந்து எஞ்சினையே பிளந்துவிடும். இரவில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் படுத்தால் காலையில் அது பனியில் பிடித்துக்கொண்டிருக்கலாம். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பதே அங்குள்ளோர் வழக்கம்.

வண்டி பனியில் மாட்டிக்கொண்டால் முதலில் பார்க்கவேண்டியது புகைக்குழாயை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலையூரில் பனிப்புயலில் சிக்கிய கார்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். குழாயைப் பனி மூடிவிட்ட வண்டியில் ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டால், மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்ஸைடு உள்ளே சேர்ந்து, தூக்கத்திலேயே உயிரைப் போக்கிவிடும். தொட்டியில் ஒரு மண்வெட்டி கட்டாயம் இருக்கட்டும்; குழாயைச் சுற்றிய பனியை அடிக்கடி வெட்டி அகற்றி, ஜன்னலைச் சிறிது திறந்து, எஞ்சினை இடையிடையே மட்டும் ஓட்டி, கம்பளியை நம்பி விடியும்வரை வண்டியிலேயே இருக்கவேண்டும்.

இமாசலத்தில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறக்கப்பட்டபின், ரோஹ்தாங் கணவாயின் அபாயம் நீங்கியது. ஆனால் முன்பு குளிர்காலத்தில் யாரும் எட்டிப்பாராத லாஹூல் பள்ளத்தாக்குக்கு ஆயிரக்கணக்கான சுற்றுலாக் கார்கள் வரத் தொடங்கின. 2024 டிசம்பரில் சோலாங்குக்கும் அச்சுரங்கத்துக்கும் இடையே பனி பெய்த ஓர் இரவில் சுமார் ஆயிரம் வண்டிகள் வழுக்கியும் முட்டியும் நின்றுபோய், போலீஸார் விடிய விடியப் பிரயாணிகளை மீட்க நேர்ந்தது. பனி விழுந்த நாட்களில் அங்கே நான்கு சக்கர இயக்க வண்டிகளையும் சங்கிலி பூட்டியவற்றையும் மட்டுமே மேலே விடுகிறார்கள். அந்த அனுமதியைத் தம் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த சான்றாக எடுத்துக்கொள்பவர்களே எனக்கு அச்சம் தருகிறார்கள். தங்கராஜுவின் வீரர்கள் பாதை வெட்டிய சோஜி லாவின் அடியிலும் இப்போது ஒரு நீண்ட சுரங்கம் குடையப்படுகிறது. அது முடிந்ததும் பிடதி வண்டிகள் தை மாதத்திலும் திராஸுக்குப் போகும். கணவாய் மேலே நின்றுவிட, சுரங்கவாயைத் தாண்டிய கணத்திலேயே, மறுபுறத்து மீனாமார்கின் உறைந்த சாலை அவற்றின் சக்கரங்களுக்கடியில் தொடங்கிவிடும்.