வண்டி இருந்தால்தான் வரலாமா?

சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஓட்ட ஆசைப்பட்ட எவனுக்கும் முதல் தடை வண்டிதான். சோழவரம் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கப்பட்ட பிறகு, பல ஆண்டுகள் அந்தக் கான்கிரீட் தளம்தான் தென்னிந்தியாவின் பந்தயக் களம். சென்னையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பஸ் பிடித்துப் போய் வெயிலில் நின்று பார்த்தார்கள். ஓட்டியவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்: சமஸ்தானத்து வாரிசுகள், மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள், சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தவர்கள். விஜய் மல்லையா ஒரு பழைய ஃபார்முலா ஒன் காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டினார். அந்தக் காருக்கும், வீட்டு ஃபியட்டைக் கழற்றி மாட்டிக் கொண்டுவந்தவனின் காருக்கும் ஒரே தளம். திறமையில் யார் மேல் என்று அங்கே எப்படித் தெரியும்? கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற பையனுக்கோ உள்ளே போக வழியே இல்லை.

அந்த வழியைத் திறந்தவர் கோவை கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தவர். தானே ரேஸ் ஓட்டியவர், தானே கார் கட்டியவர். பணம் இருந்த இடத்திலிருந்து வந்தவர், பணம் இல்லாதவனும் ஓட்டும்படி ஒரு காரை யோசித்தார் என்பதுதான் அவரிடம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஒன்றில் பொருத்தினார். ஃபார்முலா மாருதி 1988-இல் களத்துக்கு வந்தது. எல்லாரிடமும் ஒரே எஞ்சின், ஊர்க் கடையிலேயே கிடைக்கும் உதிரி பாகம். முந்தினால் ஓட்டியவன் முந்தினான் என்று அர்த்தம். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் கால்வைத்த முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். கோவை செட்டிபாளையம் டிராக்குக்குத்தான் அவர் பெயர் இருக்கிறது.

இன்று நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. ஜே.கே. டயர் தேசியப் பந்தயங்களில் புதியவர்களுக்கென்றே ‘நோவிஸ் கப்’ உண்டு. டிவிஎஸ் நடத்தும் ஒரே வகை பைக் பந்தயத்தில் பெண்களுக்கும், முதன்முறை வருகிறவர்களுக்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. தேர்வுச் சுற்றில் நேரம் காட்டினால் போதும், பைக் கம்பெனியுடையது. ஹோண்டா பள்ளி வயதுப் பிள்ளைகளையே தேடி எடுத்துப் பழக்குகிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 ஓடியபோது, ரேஸ் நகரத்தின் நடுவுக்கே வந்துவிட்டது.

வண்டி மட்டும் கொடுத்தால் புதியவன் நிலைத்துவிடமாட்டான். அவனை அதிகம் பயமுறுத்துவது நீலக்கொடி. பின்னாலிருந்து ஒரு சுற்று முந்திவிட்டவன் வருகிறான், வழிவிடு என்று மார்ஷல் காட்டும் கொடி அது. பதறிப்போய்ச் சட்டென்று ஒதுங்குவான். அங்கேதான் மோதல் நடக்கும். நல்ல பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிவிடுவார்: "நீ உன் கோட்டிலேயே போ, தாண்டுறது அவன் வேலை." இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆள் இல்லாததால் முதல் பந்தயத்தோடு நின்றுபோனவர்கள் எத்தனை பேரோ!

எங்கள் கள்ளக்குறிச்சியிலிருந்து இருங்காட்டுக்கோட்டையும் செட்டிபாளையமும் 200 கிலோமீட்டருக்கு மேல். லைசென்ஸ், பயிற்சி, ஹெல்மெட், உடுப்பு, தங்கும் செலவு எல்லாம் சேர்த்தால் கரும்பு வெட்டும் வீட்டுப் பையனுக்கு அது இன்னும் சோழவரம்தான். ஆனால் வேகத்தின்மேல் ஆசை தூரம் பார்த்தா வருகிறது? கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு எவன் எத்தனை நிமிஷத்தில் ஏறினான் என்பதுதான் பைக் மெக்கானிக் கடைகளில் பேச்சு. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும், ஆடு மாடு நிற்கும். பழகும் இடம் இல்லாத பிள்ளைகள் அந்த மலைச் சாலையில் பழகுகிறார்கள். இது எனக்கு உள்ளூர நடுக்கம் தருகிறது.

இதற்கு நான் நினைக்கும் முதல் படி மிகச் சிறியது: ஸ்லாட் கார். 1957-இல் இங்கிலாந்தில் ஃப்ரெட் பிரான்சிஸ் ‘ஸ்கேலெக்ஸ்ட்ரிக்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கிய விளையாட்டு. பலகையில் ஒரு காடி, அதன் இருபுறமும் மின்சாரம் ஓடும் பட்டை, காடிக்குள் முனை இறங்கிய கையகலக் கார். கையில் ஒரு டிரிகர். அழுத்தினால் ஓடும், வளைவில் அதிகம் அழுத்தினால் பறந்துபோய் விழும். நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வளைவுக்குள் நுழைய வேண்டும் என்பதை விரல் கற்றுக்கொள்கிறது. விழுந்தால் காயம் இல்லை.

வெளிநாட்டு ஸ்லாட் கார் கிளப்புகளிலும் புதியவர்கள் வந்த வேகத்தில் காணாமல் போனதுண்டு. பழையவர்கள் மாதக்கணக்கில் செதுக்கிய கார்களோடு வருவார்கள். கடையில் வாங்கிய காரோடு வந்தவன் கடைசியில் நிற்பான். நல்ல கிளப்புகள் கரிவரதன் வழியிலேயே இதைத் தீர்த்தன. கார் கிளப்புடையது, எல்லாம் ஒரே ரகம். எந்தத் தடத்துக்கு எந்தக் கார் என்பது நிலையானது. ஆட்கள்தான் தடம் மாறி மாறி எல்லாக் கார்களையும் ஓட்டுவார்கள். தன் முறை இல்லாதவர்கள் டிராக்கைச் சுற்றி நின்று, கவிழ்ந்த காரை எடுத்துக் காடியில் வைப்பார்கள். வேகக்காரனின் காரைப் புதியவன் எடுத்து வைக்கிறான், புதியவனின் காரை வேகக்காரன் எடுத்து வைக்கிறான். அறிமுகம் அப்படியே நடந்துவிடுகிறது.

அந்தப் பலகைக்கு நாம் இங்கிலாந்து போகவேண்டியதில்லை. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பம் கள்ளக்குறிச்சியுடையது. தேரும் தெய்வ உருவமும் செதுக்குகிற கைகளுக்குப் பிளைவுட்டில் சீரான காடி ஒன்று இழைப்பது பெரிய காரியமா? தாமிரப் பட்டை ஒட்ட, 12 வோல்ட் இணைப்புக் கொடுக்க ஐடிஐ மாணவர்கள் போதும். நான்கு தடம், ஒரே ரகத்தில் நான்கு கார். டிராக்கை நகரத்தில் பூட்டி வைக்காமல், மடித்து வேனில் ஏற்றி வெள்ளிமலைக்குப் போகலாம். மலையில் இருக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஒரு கூடத்தில் விரிக்கலாம். நுழைவுக் கட்டணம் வேண்டாம். முதல் அரை மணி நேரம் இதுவரை தொடாதவர்களுக்கு மட்டும், பக்கத்தில் ஓட்டத் தெரிந்த ஓர் அண்ணனோ அக்காவோ நிற்கட்டும். வேகமான சுற்றுக்கு ஒரு பரிசு இருந்தால், கவிழாமல் ஓட்டிய சுற்றுகளுக்கு அதே அளவில் இன்னொன்று. இறுதிச் சுற்றில் ஒத்த வேகக்காரர்களை மட்டும் சேர்த்து ஓடவிட்டால், கடைசி வரிசைப் பிள்ளைக்கும் முந்த ஆள் இருக்கும்.