பேர் விழாத மாதங்கள்

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்றுதான் சொல்வோம். கொழுந்து நிறை வந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். மாதக் கடைசியில் அம்மா விரல்விட்டு எண்ணுவதும் பேரைத்தான். “இந்த மாசம் பதினெட்டுப் பேருதான் விழுந்திருக்கு” என்று அவர் சொன்னால், கடைக்கடன் ஏறப்போகிறது என்று எங்களுக்கு விளங்கிவிடும்.

2022 ஜூலையில் நான் கொழும்பிலிருந்து நோர்வூட் பக்கத்து லயத்துக்குத் திரும்பி வந்தேன். புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் 13 வருடம் நின்றவன். பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை, கடைக்கு வரச் சனமும் இல்லை. ஒரு நாள் இரவு, கதவு சாத்துகிற நேரம், முதலாளி எங்கள் ஒன்பது பேரையும் கூப்பிட்டு, “நிலைமை சரியானா கூப்பிடுறேன் தம்பி” என்றார். அந்த மாதச் சம்பளமும் அதற்கு மேல் 5,000 ரூபாயும் கையில் வைத்தார். அவ்வளவுதான். கடிதம் எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்த முதல் வாரம் சித்தப்பா கேட்டார்: “ஏப்பா, வேல போனா அரசாங்கம் காசு குடுக்குமாமே, டீவியில சொல்றான்?” அவர் பார்ப்பது தமிழ்நாட்டுச் செய்தி. அங்கே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தும் வேலை கிடைக்காதவர்களுக்கு ஒரு சிறு உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு மாதம் 300 இந்திய ரூபாய், பட்டதாரிக்கு 600. குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. எங்கள் தேயிலையை வாங்கிக் குடித்த பிரித்தானியாவோ 1911 லேயே சட்டம் போட்டது. கப்பல் கட்டும், கட்டடம் கட்டும் தொழிலாளிக்கு வேலை போனால் வாரம் 7 ஷிலிங் என்று, வருடத்தில் 15 வாரம் வரை கொடுத்தது. அதே காலத்தில் எங்கள் பாட்டன்மார் ‘துண்டு’க்காகக் கங்காணி வாசலில் நின்றார்கள். பற்றுக் கடன் தீர்ந்தது என்று துண்டு கிடைத்தால்தான் அடுத்த தோட்டத்தில் பேர் பதிவார்கள். அந்த முறையை 1921 இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

சித்தப்பாவுக்கு நான் சொன்ன பதில் இன்றைக்கும் அதுதான்: இலங்கையில் தனியார் துறையில் வேலை இழந்தவருக்கு, வேலை தேடும் காலத்தில் மாதாமாதம் கொடுக்கிற காப்புறுதி கிடையாது. கொரோனா வந்த 2020 இல் மட்டும் அதற்குக் கொஞ்சம் கிட்டப் போனார்கள். வேலைக்குக் கூப்பிட முடியாத தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அல்லது 14,500 ரூபாய், இரண்டில் எது கூடவோ அதைக் கொடுப்பது என்று அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் உடன்பட்டார்கள். அதுவும் வேலை கையில் இருந்தவர்களுக்குத்தான்.

ஆனால் வேறு சில கதவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி, ஒரு நிபந்தனை, ஒரு கெடு. இதை நான் தெரிந்துகொண்டது வேலை போய் ஏழு மாதம் கழித்து, ஹட்டனில் தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போன அன்றைக்கு.

“கடையில எத்தனை பேர் வேலை செஞ்சீங்க?” என்று கேட்டார் அந்த உத்தியோகத்தர். ஒன்பது என்றேன். பேனையை மேசையில் வைத்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

1971 இல் வந்த ஒரு சட்டம், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் தொழிலாளியை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும் என்கிறது. அனுமதி கொடுத்தால் நட்டஈடும் உண்டு. ஆனால் 15 பேருக்குக் குறைந்த இடத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது. ஐந்து வருடம் வேலை செய்தவருக்குச் சேவைக்காலப் பணம் கொடுக்கச் சொல்லும் 1983 ஆம் ஆண்டுச் சட்டமும் 15 பேர் இருந்த இடத்துக்குத்தான். ஒன்பது பேர் நின்ற கடையில் எனக்கு இரண்டு கதவும் பூட்டு. மூன்றாவது, தொழில் நியாயசபை. நியாயமில்லாமல் நிறுத்தினார்கள் என்று சின்னக் கடைக்காரப் பையனும் அங்கே வழக்குப் போடலாம். அதற்குக் கெடு, வேலை போன நாளிலிருந்து ஆறு மாதம். நான் போனது ஏழாவது மாதம். அந்த ஆறு மாதமும் முதலாளியின் அழைப்பு வரும் என்று போனைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுத்திருந்தேன். இதை எழுதும்போதும் நெஞ்சு எரிகிறது.

“சரி, ஈ.பி.எஃப். நம்பர் சொல்லுங்க” என்றார் அவர்.

ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி என்று பலகைகளில் எழுதியிருப்பதை நாங்கள் ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். என்கிறோம். இரண்டும் ஒன்றென்று நானும் நினைத்திருந்தேன். ஒன்றல்ல. ஈ.பி.எஃப். 1958 ஆம் ஆண்டுச் சட்டம். நம் சம்பளத்தில் 8 வீதம் வெட்டி, முதலாளி 12 வீதம் போட்டு, 20 வீதமாகச் சேர்வது. சில விதிவிலக்குகளைத் தவிர, ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50 வயது ஆகும்வரை கை வைக்க முடியாது. வேலை போனது அதை எடுக்க ஒரு காரணமே இல்லை. ஈ.டி.எஃப். 1980 இல் வந்தது. அதில் நம் காசு ஒரு சதமும் வெட்டுவதில்லை, முதலாளி மட்டும் 3 வீதம் கட்டுகிறார். வேலையை விட்டு நின்றால் வயது பார்க்காமல் அதை எடுக்கலாம். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். வேலை போனவனுக்கு இந்த நாட்டில் உதவிப்பணம் என்று ஏதாவது சொல்லலாம் என்றால் அது இதுதான், அதுவும் நம் பெயரிலேயே சேர்ந்த பணம். ஒரே ஒரு தொழிலாளி வேலை செய்கிற கடையும் இந்த இரண்டையும் கட்டியாக வேண்டும்.

என் கணக்கை எடுத்துப் பார்த்தோம். 2009 இல் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு 2013 இல்தான் கணக்குத் தொடங்கியிருந்தது. கடைசி வருடங்களில் நான் கையில் வாங்கியது 32,000. கணக்கில் காட்டியது 15,000. உத்தியோகத்தர் ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: 15,000 க்கு 20 வீதம் 3,000, 32,000 க்கு 6,400. மேலதிக நேரக் காசு போன்ற சிலவற்றைத் தவிர, மற்றக் கொடுப்பனவுகளுக்கும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும் என்பது சட்டம். மாதம் 3,400 ரூபாய், எனக்குத் தெரியாமலே, என் முதுமையிலிருந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. எனக்குச் சம்பளச் சீட்டு தந்தார்கள்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்து, துவைக்கும்போது பிழிந்து எறிந்திருக்கிறேன்.

முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். நான்கு வருடம் கணக்கில் இல்லாமல் அங்கே வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி என்ற கேள்வி வந்தது. வீட்டில் அம்மா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். நான் கொழும்பிலிருந்து அனுப்பிய ஒவ்வொரு மணிஓடர் துண்டும் வருடவாரியாக இறப்பர் பட்டி போட்டு உள்ளே இருந்தது. எழுத வாசிக்கத் தெரியாத அம்மா. தபால் முத்திரையில் திகதி தெளிவாகத் தெரிந்தது. நான் அந்த வருடங்களில் புறக்கோட்டையில் இருந்தேன் என்பதை அது காட்டியது, அந்தக் கடையில் இருந்தேன் என்பதைக் காட்டவில்லை. கூட வேலை செய்த இருவர் வந்து சொன்ன பிறகுதான் விசாரணை நகர்ந்தது. 14 மாதம் ஆனது. முதலாளி தவணை தவணையாகக் கட்டினார். அது 55 வயதில் எனக்கு வரும்.

அதற்குள் ஈ.டி.எஃப். காசு 58,000 சொச்சம் வங்கிக்கு வந்துவிட்டது. விண்ணப்பிக்குமுன், ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதானே, வைத்திருப்போமா என்று யோசித்திருந்தேன். கடையில் அரிசிக் கணக்கு நின்றது, எடுத்துவிட்டேன். எடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு வேறொரு வழி இருக்கிறது. கல்யாணத்துக்காக வேலையை விடுகிற பெண் ஈ.பி.எஃப். முழுவதையும் எடுக்கலாம். எங்கள் லயத்திலிருந்து கார்மென்ட்ஸ் போன பிள்ளைகள் பலர் அப்படித்தான் தாலிக்கும் அலுமாரிக்கும் காசு தேடினார்கள். சட்டம் கொடுக்கிற உரிமை, குறை சொல்ல மாட்டேன். என் தங்கையிடம் மட்டும், “ஐம்பது வயசுல உன் கையில என்ன இருக்கும்னு ஒரு தடவ யோசிச்சிட்டு எடும்மா” என்றேன்.

அஸ்வெசும பற்றியும் கேட்கிறார்கள். 2023 இல் தொடங்கிய அந்த உதவி, படிப்பு, சுகம், வருமானம், உடைமை, வீடு, குடும்ப நிலை என்று பார்த்துக் குடும்பத்துக்குக் கொடுப்பது. தொடங்கியபோது நான்கு படி: மாதம் 2,500, 5,000, 8,500, 15,000. போன மாதம் வேலை போனது என்பதற்காக அடுத்த மாதம் வந்து சேராது. ஆனாலும் பதிந்து வைப்பது நல்லது. பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று ஒருவர் இருக்கிறார், வேலை தேடுகிறவர் அவரிடமும் பெயர் கொடுக்க வேண்டும். எனக்கு வேலை போன பிறகு எட்டு ஒன்பது மாதமும் தோட்டத்தில் புல்லுவெட்டும் கவ்வாத்தும்தான். கூப்பிட்ட நாளில் பேர், கூப்பிடாத நாளில் வீடு. பிறகு ஹட்டனில் ஒரு வன்பொருள் கடையில் சேர்ந்தேன்.

அம்மாவின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1991 இல் கொழுந்துக் கூடை தூக்கியவர். அடுத்த வருடம் தோட்டங்களை அரசு கம்பனிகளிடம் கொடுத்தது. அவருக்கு ஈ.பி.எஃப். நம்பரும் இரண்டானது. 2023 இல் வேலையிலிருந்து நின்றபோது அவருடைய சேவைக்காலப் பணம், நாள் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில், 1,000 ரூபாய் வீதம், 14,000 ரூபாய் ஒரு வருடத்துக்கு. கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் எல்லா வருடத்துக்கும் கணக்கு. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனதும், அதன் பிறகு வேலையிலிருந்து நின்ற பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு அதே ஒரு வருடம் 18,900 ஆயிற்று. வேலை முடிந்து 30 நாளுக்குள் சேவைக்காலப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அம்மாவுக்கு எட்டு மாதம் சென்றது.

ஈ.பி.எஃப். அதைவிட இழுத்தது. பிறப்புப் பத்திரத்தில் அம்மாவின் பெயர் ‘அம்மா’ என்று முடிகிறது. அடையாள அட்டையில் ‘அம்மாள்’. பேர் பதியும் செக்ரோலில் யாரோ ஒரு கணக்கப்பிள்ளை கூப்பிட்ட வாக்கில் ‘ஆயி’ என்று எழுதி வைத்திருக்கிறார். முப்பது வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறிய ஒரே பெண், தாளில் மூன்று பெண்ணாக இருந்தார். சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்தோம், கிராம உத்தியோகத்தரிடம் உறுதி வாங்கினோம், தோட்டத்து ஆபிசில் கடிதம் எடுத்தோம், இரண்டு நம்பரையும் ஒன்றாக்கக் கேட்டு எழுதினோம். கைரேகை வைத்த அன்று மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, “அப்ப நான் யாருனு இன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சா?” என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இஸ்தோப்பில் நாலைந்து பேராவது பொலித்தீன் பையோடு வந்து உட்கார்கிறார்கள். நான் கேட்பது சில கேள்விகள்தான். கடைசிச் சம்பளச் சீட்டு இருக்கிறதா? வேலையிலிருந்து நின்ற திகதிக்குக் கடிதம் உண்டா? ‘சுயவிருப்பில் விலகுகிறேன்’ என்று எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? போட்டிருந்தால் முகம் வாடிவிடுகிறார்கள், எனக்கும் மனசு கேட்பதில்லை. வேலையில் இருக்கும்போதே இதையெல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வேலை போன பிறகு, வேலை செய்த இடத்து வாசலில் காவல்காரர்கூட நம்மை உள்ளே விடமாட்டார்.

போன மாதம் சித்தப்பா மகள் வெள்ளவத்தையில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனாள். ஹட்டன் ஸ்டேசனில் ஏற்றிவிடும்போது, “முதல் மாசமே ஈ.பி.எஃப். நம்பரக் கேட்டு வாங்கு, சீட்டப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு” என்று சொல்லி அனுப்பினேன். நேற்று இரவு அனுப்பியிருந்தாள். நம்பர் இருந்தது. சம்பளமும் வாங்குகிற தொகைதான் எழுதியிருந்தது. பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. மணி பத்தைத் தாண்டியிருந்தது, தூங்கியிருப்பாள் என்று தெரிந்தும் உடனே போன் எடுத்தேன்.