ஆட்டம் முடிந்த பிறகு – 14: 270 ரூபாய்

கண்டி டிரினிட்டி கல்லூரியும் கொழும்பு ராயல் கல்லூரியும் 1945 முதல் ரக்பியில் மோதிவரும் பிராட்பி கேடயத்தோடு சென்ற வாரம் நிறுத்தினோம். வாசகர்களுக்கு நினைவிருக்கும். திருவனந்தபுரத்து ரக்பி பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு வெள்ளி ரூபாய் நாணயம் கைக்கு வந்து சேர்ந்தது.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பழைய வெள்ளி வாங்கும் பத்தர் ஒருவரிடம் அதைப் பார்த்தேன். ஒருபக்கம் விக்டோரியா ராணியின் தலை, மறுபக்கம் 1862. ராணியின் மூக்கு மழுங்கியிருந்தது. தராசில் வைத்தார், 11.5 கிராம். "புதுசுல ஒரு தோலா இருந்திருக்கும் சார், தேஞ்சு போச்சு" என்றார். தோலா என்றால் 11.66 கிராம். அந்தக் காலத்தில் ரூபாயே எடைக்கல்லாகவும் இருந்தது. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அங்கேயே கணக்குப் போட்டேன். 270 ரூபாய் என்றால் மூன்று கிலோவுக்கு மேல் வரும். ரக்பி உலகின் மிகப் பழைய கோப்பைகளில் ஒன்றுக்குள் போன ரூபாய்களின் எடை அவ்வளவு!

1872 கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் இருபது இங்கிலாந்துக்காரர்கள் ஒருபக்கமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸைச் சேர்ந்த இருபது பேர் மறுபக்கமும் ரக்பி ஆடினார்கள். அந்த உற்சாகத்தில் 1873 ஜனவரியில் கல்கத்தா ஃபுட்பால் கிளப் பிறந்தது. உறுப்பினர்கள் 137 பேர். கிளப்பில் மது இலவசம். ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் சேர்ந்து குடித்துப் பேசிக் கலைவது வழக்கம். இலவசம் நின்றதும் கூட்டம் குறைந்தது. போலோவும் டென்னிஸும் பலரை இழுத்துக்கொண்டன. கிளப்பில் ஆடிவந்த பட்டாளமும் ஊர் மாறியது. நாலைந்து வருடங்களில் கிளப் கலைந்தது.

எஞ்சியவர்கள் மிச்சப் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. வங்கியிலிருந்து 270 வெள்ளி ரூபாய்களாகவே எடுத்து, உருக்கிக் கோப்பையாக்கினார்கள். கைப்பிடிகள் மூன்றும் நாகங்கள், மூடிமேல் யானை. 1878இல் அதை இங்கிலாந்தின் ரக்பி யூனியனிடம் கொடுத்தார்கள். 1879 மார்ச் 10இல் எடின்பரோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காக முதன்முறை ஆடின, ஆட்டம் சமன். இன்றும் அந்த இரு அணிகளின் வருடாந்திர மோதல் இந்தக் 'கல்கத்தா கோப்பை'க்குத்தான்.

விருந்துக்காக மட்டும் வந்தவர்கள் விருந்தோடு போனார்கள். ஆட்டத்துக்காக வந்தவர்கள் கடைசிக் காசையும் ஆட்டத்திடமே விட்டுப் போனார்கள். நட்புக்கு இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியாது.

வழக்கங்கள் மாறிவிட்டன. வெள்ளைக்கார வியாபாரிகளும் சிப்பாய்களும் ஆடிய அதே கல்கத்தாவில் 2004இல் ஜங்கிள் குரோஸ் என்ற கிளப் தொடங்கியது. இன்று மைதானத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள், பெண்களும் உண்டு. அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது இலவச மது அல்ல. வென்ற அணி இரு வரிசையாக நின்று, தோற்றவர்களை நடுவே நடக்கவிட்டுக் கைதட்டுவது ரக்பியின் பழைய மரியாதை. கிளப்களுக்கு அந்த ஒரு வழக்கம் போதும். அதற்குப் பணம் வேண்டாம்.

2015இல் கேரளம் நடத்திய தேசிய விளையாட்டுப் போட்டியில் ரக்பியும் இருந்தது. அங்கிருந்து திருவனந்தபுரத்து ரக்பியை அடுத்த வாரம் தொடர்வேன்.

அதுவரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கலைந்துபோன கால்பந்துக் குழுவோ கபடிக் குழுவோ இருக்கும். கடைசியாகக் கையில் மிஞ்சிய பணத்தை அவர்கள் என்ன செய்தார்கள்? விசாரித்து எழுதுங்கள்.