தேய்ந்த செப்புக் காசு சொல்லும் சேதி

வயலை உழும்போதோ, கிணறு தோண்டும்போதோ, கடல் அரித்த கரையோரத்திலோ பச்சைக் களிம்பேறிய சிறு செப்புக் காசொன்று கிடைத்தால் எம்மவரில் பெரும்பாலானோர் முதலில் செய்வது என்ன? பழப்புளியும் சாம்பலும் இட்டு அது பளபளக்கும் வரை தேய்ப்பதுதான். களிம்போடு சேர்ந்து காசிலுள்ள முகமும் எழுத்தும் போய்விடுகின்றன. மண்ணுக்குள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் தப்பிக் கிடந்த ஒரு சான்று அரை மணி நேரத்தில் வெறும் செப்புத் துண்டாகிவிடுகிறது.

அக்காசு உரோமப் பேரரசினுடையதாகவும் இருக்கக்கூடும் என்றால் பலர் வியப்படைவர். ஆனால் இலங்கையில் உரோம நாணயங்கள் கிடைப்பது புதிய செய்தியன்று. கொட்றிங்டன் 1924 இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலிலேயே அவை விரிவாக ஆராயப்பட்டுள்ளன. சிகிரியா, கந்தரோடை, மாத்தறை, திசமஹாராமை ஆகிய பகுதிகளில் அவை கிடைத்துள்ளன. எமது அம்பாறைக் கரையோரம் தெற்கே பொத்துவில், பாணமை, குமணை வழியாகத் திசமஹாராமைப் பக்கம் நீள்வது என்பதை மறந்துவிடலாகாது.

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே இவ்விடயத்தில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கு கிடைத்தவற்றுள் கி.பி. முதலிரு நூற்றாண்டுகளின் பொன், வெள்ளி நாணயங்கள் ஏராளம். 1898 இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரே புதையலில் 501 பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுட் பலவற்றில் பேரரசர் முகத்தின் மீது உளியால் வெட்டியிருந்தார்கள். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த உரோம, கிரேக்கக் காசுகளைத் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி நூல்களாகவே வெளியிட்டார். இலங்கையிலோ மிகப் பெரும்பாலானவை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக் காசுகளாகும். பெருவணிகரின் பொற்காசு அல்ல, கடைத்தெருவிற் புழங்கிய சில்லறை!

இக்காசுகள் சட்டைப் பொத்தானை ஒத்தவை. எடை பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று கிராம் வரையே. முன்பக்கத்தில் வலப்புறம் நோக்கிய, முடிப்பட்டி அணிந்த தலை. அதைச் சுற்றி இலத்தீன் எழுத்துகள். ‘டொமினஸ் நோஸ்டர்’, அதாவது ‘எம் தலைவர்’ என்பதன் முதலெழுத்துகள் இரண்டுடன் தொடங்கிப் பேரரசரின் பெயர் வரும். ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ், தியோடோசியஸ் என்பன இங்கு எதிர்பார்க்கத்தக்க பெயர்கள். பெயர் தேய்ந்திருந்தாலும் பின்பக்கம் காலத்தைக் காட்டும். இரு படைவீரர் இரு கொடிக்கம்பங்களுடன் நின்றால் கி.பி. 330 முதல் 335 வரை. அவர்களுக்கிடையே ஒரே கொடிக்கம்பம் என்றால் அதற்கடுத்த சில ஆண்டுகள். குதிரையிலிருந்து வீழ்ந்தவனை வீரன் ஈட்டியாற் குத்துவது அந்நூற்றாண்டின் நடுப்பகுதி. வெற்றித் தேவதை கைதியை இழுத்துச் செல்வது கி.பி. 388க்குப் பின்னர். அடியிலுள்ள குறுகிய எழுத்துகள் அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, கொன்ஸ்தாந்திநோப்பிள் போன்ற நாணயச்சாலைகளைக் குறிப்பன.

எழுத்துகள் வெறும் கோடுகளாகவும் உருவம் புள்ளிகளாகவும் இருந்தால் போலியென்று எறிந்துவிடக் கூடாது. உரோமக் காசைப் பார்த்து அக்காலத்திலேயே தென்னிலங்கையில் செய்யப்பட்ட காசுகள் உள்ளன. எமது பார்வையில் அசலை விட இவையே சுவையானவை. அந்நியக் காசு இங்கு எவ்வளவு தூரம் செலாவணியாகியிருந்தது என்பதற்கு அவையே சாட்சி. இன்று விற்பனைக்காக வார்க்கப்படும் போலிகள் வேறு. அவற்றின் விளிம்பில் பெரும்பாலும் பொருத்துக் கோடு தெரியும்.

பிளினி என்ற உரோம ஆசிரியர் கூறும் செய்தியொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. குளோடியஸ் பேரரசர் காலத்தில் புயலால் இலங்கைக்கு ஒதுக்கப்பட்ட ஒருவனிடமிருந்த வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு அரசர்களின் தலைகள் இருந்தும் எடை ஒன்றாகவே இருந்ததைக் கண்டு எமது மன்னன் வியந்தானாம். அதன் பின்னரே உரோமுக்குத் தூது சென்றது.

இத்தகைய சான்றுகள் ஏன் எம் கையில் தங்குவதில்லை? 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி மண்ணுக்குள் மறைந்திருக்கும் தொல்பொருள் அரசுக்கே உரியது. கண்டெடுத்தவர் அதனை அறிவிக்க வேண்டும். சட்டம் நியாயமானதே. ஆனால் கிழக்கில் ‘தொல்பொருள்’ என்ற சொல்லே காணி பறிபோகும் என்ற அச்சத்தைத் தருகிறது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் அம்மாகாணத்துக்கான அக்குழுவில் அவ்விரு சமூகத்தவரில் ஒருவர்கூட இடம்பெறவில்லை. அவ்வாறிருக்க, வயலில் காசு கிடைத்தவர் அதனைப் பொற்கொல்லரிடமோ பழைய உலோகம் வாங்குவோரிடமோ சத்தமின்றிக் கொடுத்துவிடுவதில் வியப்பென்ன? கண்டெடுத்தவரின் பெயர் பதிவாகும், காணிக்கு இடையூறு வராது என்ற உறுதியைத் திணைக்களம் தமிழில், எழுத்தில் தரவேண்டும். கண்டெடுத்த காசுகள் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே ஆராயப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்படுவதற்கும் வழி காணப்படவேண்டும்.

அதுவரை எமது வாசகரிடம் ஒரு வேண்டுகோள். காசைக் கழுவாதீர்கள், உலர்ந்த காகிதத்தில் சுற்றி வையுங்கள். எந்த வயல், எத்தனை அடி ஆழம், உடன் கிடைத்த ஓடு, மணி எவை என்பவற்றை அன்றே எழுதி, இரு பக்கமும் படமெடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் அறிவியுங்கள். கிடைத்த இடம் தெரியாத காசுக்குச் சந்தையில் விலை இருக்கலாம். ஆய்வாளருக்கு அதனாற் பயன் மிகக் குறைவு.