பிறர் பணத்தைக் காப்போர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சென்ற ஆண்டு, இக்கல்லூரியில் சேர்ந்த புதிதில், ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். நேரில் வரச் சொன்னார்கள். மேசைக்கு அப்பால் மூன்று பெரியவர்கள். "அப்பா என்ன செய்கிறார்?" என்று ஒருவர் கேட்டார். "செங்கல் சூளையில் வேலை, ஐயா" என்றேன். "சரி, சொல்லி அனுப்புகிறோம்" என்றார். சொல்லி அனுப்பவில்லை. பின்னர் பட்டியலைப் பார்த்தால், அதில் ஒரு பெயர் அந்த மூவரில் ஒருவருடைய தங்கை மகனுடையது! அவன் நன்றாகப் படிப்பவன்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் என் மனம் ஆறவில்லை.

அந்த மூவரையும் அங்கே அமர்த்தியவர் யார்? பணம் அவர்களுடையதா? அவர்கள் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்? எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் யாருமில்லை. ஆகவே நூலகத்தில் தேடத் தொடங்கினேன். தேடிய வழியில் கைக்குக் கிடைத்ததுதான் அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்களின் கல்விக்காக எழுந்த அறநிதிகளின் வரலாறு. 'உள்ளூர்க் கேள்விக்கு இவ்வளவு தூரம் போவானேன்?' என்று விடுதி நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்!

ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்களை அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்கள் என்கிறார்கள். மெக்சிகோவிலிருந்து வந்தவரும் இதில் அடங்குவர். போர்ட்டோ ரீக்கோ தீவினரும், கியூபா நாட்டினரும் அடங்குவர். 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இவர்கள் 6 கோடியே 21 லட்சம் பேர். நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர். தொகை பெரிதாயினும் பள்ளிக்கூடம் இவர்களுக்கு எளிதில் வாய்க்கவில்லை. கலிபோர்னியாவில் மெக்சிகப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் பிரித்து வைப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்று நீதிமன்றம் சொல்ல 1946ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டெக்சாஸ் மாநிலத்தில் வேறொரு தொல்லை. வீட்டில் ஸ்பானிய மொழி மட்டுமே பேசி வளர்ந்த குழந்தை, முதல் வகுப்பில் ஆங்கிலம் புரியாமல் விழிக்கும்; ஆண்டு முடிவில் தேறாது; மீண்டும் அதே வகுப்பு. ஹூஸ்டன் நகரில் உணவகம் நடத்திவந்த ஃபீலிக்ஸ் டிஹெரினா என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். பள்ளிக்குப் போகும் முன்பே குழந்தைக்கு 400 ஆங்கிலச் சொற்களைக் கற்றுக் கொடுத்துவிட்டால் என்ன? 1957ஆம் ஆண்டு கோடையில் கனாடோ என்ற சிற்றூரில் அந்தப் பள்ளி தொடங்கியது. 'நானூறின் சிறு பள்ளி' என்றே அதற்குப் பெயர். அங்கே ஆசிரியை யார் தெரியுமா? இசபெல் வெர்வர் என்ற 17 வயதுப் பெண்! என்னைவிட மூன்று வயது இளையவர். இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

முதலில் செலவு டிஹெரினாவின் சொந்தப் பையிலிருந்து போயிற்று. ஆனால் ஒருவர் பை எத்தனை ஊருக்குத் தாங்கும்? அவர் தலைமை வகித்த லூலாக் என்னும் சங்கத்தின் சார்பில் கல்விநிதி ஒன்றை ஏற்படுத்திப் பணம் திரட்டினார்கள். 1959இல் டெக்சாஸ் சட்டமன்றமே இம்முறையை ஏற்று அரசுச் செலவில் நடத்தச் சட்டம் இயற்றியது. தனி மனிதர் ஒருவரின் ஈகை, பலர் பொறுப்பில் உள்ள நிதியாக மாறும் இந்த இடத்தில்தான் அறங்காவலர் என்ற ஆள் தேவைப்படுகிறார். கொடுத்தவர் தம் பணத்தைத் தம் விருப்பப்படி செலவழிக்கலாம். பலரிடம் வாங்கிய பணத்தை அவ்வாறு செய்ய முடியாதல்லவா?

நியூயார்க்கில் அந்தோனியா பன்டோஹா அம்மையாரின் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. போர்ட்டோ ரீக்கோவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், 1944இல் நியூயார்க் வந்து தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வேலைக்கிடையே படித்து 1952இல் பட்டம் பெற்றார். 1961இல் 'அஸ்பிரா' என்ற அமைப்பைத் தொடங்கினார். உயர்ந்ததை நாடு என்பது அச்சொல்லின் பொருள். எங்கள் பிள்ளைகளுக்கான அமைப்பை எங்கள் மக்களே நடத்த வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். 1974இல் அஸ்பிரா தொடுத்த வழக்கின் பயனாக, ஆங்கிலம் தெரியாத ஸ்பானிய மொழிப் பிள்ளைகளுக்கு இருமொழிக் கல்வி தர நியூயார்க் கல்வி வாரியம் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு, 1975இல், எர்னஸ்ட் ரோப்லஸ் என்பவர் கலிபோர்னியாவில் ஹிஸ்பானிக் மாணவர்க்கான தேசிய உதவித்தொகை நிதியை நிறுவினார்.

இனி, அறங்காவலரின் வேலைக்கு வருவோம்.

அங்கே அறங்காவலர்கள் பெரும்பாலும் ஊதியம் வாங்குவதில்லை. அன்றாட வேலையைச் சம்பளம் வாங்கும் செயல் அலுவலர் பார்ப்பார். அவரை அமர்த்துவதும், சரியில்லையென்றால் நீக்குவதும், ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை ஏற்பதும், தணிக்கை அறிக்கையைக் கேட்பதும் அறங்காவலர் குழுவின் பொறுப்பு. சட்டம் அவர்கள் மீது மூன்று கடமைகளைச் சுமத்துகிறது. முதலாவது கவனம்: கூட்டத்துக்கு வர வேண்டும், கணக்கைப் படிக்க வேண்டும், புரியாததைக் கேட்க வேண்டும். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுத் தேநீர் குடித்துப் போனால் அதுவே குற்றமாகக் கூடும். மற்றொன்று, நிதி எந்த நோக்கத்துக்கு ஏற்பட்டதோ அதை விட்டு விலகாமை. கல்விக்கென்று வாங்கிய பணத்தில் கட்டடத் திறப்பு விழா நடத்த முடியாது.

இடையில் விட்ட கடமைக்கு விசுவாசம் என்று பெயர். என் கேள்விக்கு விடை இதில்தான் இருந்தது. அறங்காவலர் தம் ஆதாயத்தை நிதியின் ஆதாயத்துக்கு முன்னால் வைக்கக் கூடாது. அவருடைய அச்சகத்துக்கு வேலை கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தால், தமக்கு அதில் தொடர்பு உண்டென்று முன்கூட்டியே சொல்லி, வாக்களிக்காமல் எழுந்து வெளியே போய்விடுவது நல்ல குழுக்களின் வழக்கம். அது நடவடிக்கைக் குறிப்பிலும் ஏறும். ஒரு குடும்பமோ நிறுவனமோ நிதியளித்து நடத்தும் தனியார் அறக்கட்டளைகளுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. அவர்கள் மாணவர்க்கு உதவித்தொகை தர வேண்டுமானால், தேர்ந்தெடுக்கும் முறையை வருமான வரித் துறையிடம் முன்னதாகவே காட்டி ஒப்புதல் பெற வேண்டும். அறங்காவலரின் சொந்த மகனுக்கோ பேத்திக்கோ அதிலிருந்து கொடுத்தால் தண்ட வரி! ஆனால் பாருங்கள், அந்தச் சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலில் உடன்பிறந்தாரும் அவர்தம் பிள்ளைகளும் இல்லை. தங்கை மகன் அங்கேயும் அந்த வரிக்குத் தப்பித்துவிடுவான். அவனைத் தடுப்பது குழு தானே வகுத்துக்கொள்ளும் விதிதான்.

பணத்தைக் காப்பது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அத்தகைய தனியார் அறக்கட்டளை தன் முதலீட்டின் மதிப்பில் ஆண்டுதோறும் சுமார் 5 சதவீதமாவது அறச்செயலுக்குச் செலவிட வேண்டும். பத்து லட்சம் டாலர் இருந்தால் ஆண்டுக்கு 50,000 டாலர். முதலீட்டில் வருவாயே இல்லையென்றால் என்ன ஆகும்? கதிரியக்கத்தில் அரை ஆயுள் காண்பது போலக் கணக்கிட்டுப் பார்த்தேன்: 14 ஆண்டுகளுக்குள் பாதி கரைந்துவிடும். இன்று வாசலில் நிற்கும் மாணவனுக்குக் கூடுதலாகக் கொடுப்பதா, இன்னும் பிறவாத மாணவனுக்கு வைத்திருப்பதா? இக்கேள்விக்கு எந்தச் சட்டமும் விடை தராது. அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள்தாம் முடிவு செய்ய வேண்டும்.

மேசையைச் சுற்றி யாரை அமர்த்துவது என்பதிலும் பூசல் உண்டு. 'கொடு, அல்லது கொண்டு வா, அல்லது இடத்தைக் காலி செய்' என்று அறங்காவலரைப் பற்றி அங்கே வேடிக்கையாகச் சொல்வார்களாம். பெரு நிறுவன அதிகாரிகளைச் சேர்த்தால் நன்கொடை வரும். ஆனால் விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தை நிரப்பும்போது கை நடுங்குவதை அவர்கள் அறிவார்களா? பணம் சற்றுக் குறைந்தாலும், உதவி பெற்றுப் படித்த ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பொருளியல் படிக்கும் என் அறை நண்பன் இதை ஏற்கவில்லை. நன்கொடை வராத நிதிக்கு நல்ல அறங்காவலர் எதற்கு என்கிறான். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதை எதிர்த்து 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், ஒரு சமூகத்தாருக்கென ஏற்பட்ட உதவித்தொகைகளைப் பற்றியும் வழக்குகள் எழுந்துள்ளன. அவற்றை எதிர்கொள்வதும் அதே குழுக்களின் வேலைதான்.

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே இத்தகைய அமைப்புகள் வரித்துறைக்கு ஆண்டுதோறும் தரும் அறிக்கையை, கேட்டவர் எவராயினும் காட்டியாக வேண்டும். அறங்காவலர் பெயர், அவர் ஊதியம் பெற்றிருந்தால் அதன் அளவு, வரவு, செலவு எல்லாம் அதில் இருக்கும். கேட்பவர் சூளைத் தொழிலாளியின் மகனாக இருந்தாலும் காட்ட வேண்டும்.

இந்த ஆண்டும் அதே அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இம்முறை விண்ணப்பத்தோடு ஒரு தாளைச் சேர்த்து, தேர்ந்தெடுக்கும் விதிகளின் நகல் ஒன்று கிடைக்குமா என்று பணிவாகக் கேட்டு எழுதினேன். 'இருக்கிறதையும் கெடுத்துக்கொள்ளாதேடா' என்றார் அப்பா. பிறகு, தபால்தலைக்குக் காசும் அவரே கொடுத்தார். பதில் இன்னும் வரவில்லை.