சிறு நாடும் உலகச் சந்தையும்

ஒரு நாடு பிற நாடுகளோடு நிகழ்த்தும் வாணிகப் போட்டியில் நிலைபெறுவது எதனால் என்னும் வினாவைப் பொருளியலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். ஒவ்வொரு நாடும் ஒப்பீட்டளவிற் செலவு குறைந்த பண்டங்களைத் தான் ஆக்கி, ஏனையவற்றைப் பிறரிடம் பெறுதலே இருபாலார்க்கும் நன்மை தரும் என டேவிட் றிக்காடோ 1817ஆம் ஆண்டில் விளக்கினார். இக்கொள்கை பிழையன்று; ஆயினும் முடிந்த முடிபுமன்று. இன்று ஒரு நாட்டுக்குரிய வாய்ப்பு நாளை பிறிதொரு நாட்டைச் சாரலாம். குறைந்த கூலியே ஒரு நாட்டின் பலமெனின், அதனினுங் குறைந்த கூலிக்கு உழைப்போர் வேறிடத்துத் தோன்றியதும் அப்பலம் அழியும். ஆதலின் போட்டித்திறன் என்பது ஒருமுறை ஈட்டிப் பேணும் செல்வமன்று. இடையறாது புதுக்கிக்கொள்ள வேண்டிய தகுதியாகும். இதனைத் தெளிவாகக் காட்டுவது சிங்கப்பூரின் வரலாறு.

1965ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆந் திகதி மலேசியாவினின்றும் பிரிந்தபோது, அத்தீவிடம் கனிவளமோ பரந்த விளைநிலமோ இருக்கவில்லை. குடிநீரிற் பெரும்பகுதியும் யோகூரிலிருந்தே வந்தது. மலேசியச் சந்தையை நம்பி வகுத்த கைத்தொழில் திட்டமும் பிரிவினையாற் பயனற்றதாயிற்று. அதன்மேல், பிரித்தானியப் படைத்தளங்கள் மூடப்படும் என்ற அறிவிப்பு 1968இல் வந்தது. நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அத்தளங்களைச் சார்ந்திருந்தது.

இந்நிலையில் அந்நாடு மேற்கொண்ட வழிக்கு அடிப்படை முன்னரே இடப்பட்டிருந்தது. டச்சுப் பொருளியலாளர் அல்பேட் வின்செமியஸ் தலைமையில் 1960இல் வந்த ஐக்கிய நாடுகள் குழு கைத்தொழில் வளர்ச்சிக்கான திட்டத்தை வகுத்தது. 1961இல் பொருளாதார அபிவிருத்திச் சபை தோன்றியது. நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் முயற்சியால் யூரோங் சதுப்புநிலம் கைத்தொழிற் பேட்டையாயிற்று. உள்நாட்டுச் சந்தை சிறிதாதலின் உலகச் சந்தையே இலக்காகக் கொள்ளப்பட்டது. அந்நிய மூலதனம் வரவேற்கப்பட்டது. 1972இல் தஞ்சொங் பகார் துறைமுகம் கொள்கலன் கப்பல்களுக்குத் திறக்கப்பட்டது.

அவ்வாண்டிலேயே அப்போதைய வெளிநாட்டமைச்சர் சி. இராசரத்தினம், சிங்கப்பூரை உலக நகரெனக் கொண்டு, உலகமே அதன் பின்னிலம் என்னும் கருத்தை ஓர் உரையில் விரித்துரைத்தார். இவர் 1915இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிற் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். உலகமயமாதல் என்னும் சொல் பெருவழக்கு அடையுமுன்னரே அதன் பொருளை அவர் உணர்ந்திருந்தார்.

கூலியைப் பற்றிய கொள்கையே இவ்வரலாற்றில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1972இல் அரசு, முதலாளிமார், தொழிற்சங்கம் என்னும் முத்தரப்பினரும் அமர்ந்த தேசிய சம்பளப் பேரவை நிறுவப்பட்டது. முதலிற் சம்பள உயர்வு மட்டுப்படுத்தப்பட்டது. வேலையின்மை நீங்கியபின், 1979 முதல் மூன்றாண்டுகள் சம்பளத்தைக் கணிசமாக உயர்த்துமாறு அப்பேரவையே பரிந்துரைத்தது. திறன் குறைந்த தொழில்களினின்றும் நீங்கி, திறன் மிக்க தொழில்களை நாடச் செய்வதே இதன் நோக்கம். தொழிலாளரைப் பயிற்றுதற்குத் தனி நிதியமும் அவ்வாண்டிலேயே அமைக்கப்பட்டது.

ஆயினும் செலவு உற்பத்தித்திறனை விஞ்சியது. 1985இற் பொருளாதாரம் சுருங்கியது. உலக வாணிகத்தின் மந்தமும் அதற்கொரு காரணமாகும். மறுவருடம் மத்திய சேமநிதிக்கு முதலாளிமார் செலுத்தும் பங்கு 25 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கசப்பான மருந்தெனினும் அது பயன்றந்தது, வளர்ச்சி மீண்டது. சம்பளம் உயர்தல் கேடன்று. உற்பத்தித்திறனை முந்தி உயர்தலே கேடு என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வழிக்கு விலையும் உண்டு. 1968இன் தொழிற்சட்டங்கள் தொழிலாளர் சலுகைகள் சிலவற்றைக் குறைத்து, தொழிற்சங்கங்கள் பேரம் பேசும் உரிமையையும் சுருக்கின. அன்றியும், கிராமங்களும் வயல்களும் நிறைந்த நாடொன்று நகர அரசொன்றை அப்படியே பின்பற்றவியலாது.

எனினும் இலங்கைக்கு இதிற் சிந்திக்கத்தக்கன உள. இலங்கை 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, 1978இற் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் அமைத்தது. ஆடைக் கைத்தொழில் வளர்ந்தது. 2005இல் உலக ஆடை வாணிகத்தின் பங்கீட்டு முறை ஒழிந்தபோதும், தரத்தினால் அத்தொழில் நிலைத்தது. ஆனால் அதனையடுத்து அதற்கிணையான பிறதொழில்கள் போதிய அளவில் எழவில்லை. 2000ஆம் ஆண்டில் தேசிய உற்பத்தியில் மூன்றிலொரு பங்கினும் மிக்கிருந்த ஏற்றுமதி, 2010இல் ஐந்திலொரு பங்களவிற்குத் தாழ்ந்தது. 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துதல் இடைநிறுத்தப்பட்டமைக்குக் காரணங்கள் பலவாயினும், அந்நியச் செலாவணி ஈட்டம் கடனோடு ஒப்ப வளராமை அவற்றுள் முக்கியமானதாகும்.

முடிவாகக் கூறின், துறைமுகமும் வரிச்சலுகையும் எந்த நாடும் அளிக்கத்தக்கவை. பிறர் எளிதிற் கவரவியலாதன மக்களின் கல்வியும், கைத்திறனும், தவறு கண்டவிடத்து விரைந்து திருத்தும் ஆட்சி நேர்மையுமே. பாடசாலையும் தொழிற்பயிற்சிக்கூடமும் ஆற்றும் பணி பொருளாதாரத்திற்குப் புறம்பானதன்று. அதன் வேரே அதுவாகும்.